பழைய விண்டோஸ் கணினியில் டிஸ்க்கைச் சோதித்துத் திருத்துவது எப்படி

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ கொஞ்சம் பழைய அச்சகம் ஒன்றுக்குள் போனால், புதிய கணினிகளுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பெட்டியும் ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் 98, இல்லாவிட்டால் எக்ஸ்பி. அதற்குள் பக்கங்களை வடிவமைக்கும் பேஜ்மேக்கர், பாமினி எழுத்துரு, வருடக்கணக்காகச் சேர்ந்த கலியாண அழைப்பிதழ்கள், 31ஆம் நாள் கல்வெட்டுகள். புறக்கோட்டை மொத்த வியாபாரக் கடைகளில் அதே வயதுள்ள கணக்கு மென்பொருளைக் காணலாம். புதிய கணினியில் அவை ஏறாது, ஏறினாலும் பழைய ஃபைல்கள் ஒழுங்காகத் திறக்காது. அதனால்தான் விண்டோஸ் 98க்கு மைக்ரோசொஃப்ட் 2006 ஜூலையிலும் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும் ஆதரவை நிறுத்திய பிறகும் இந்தப் பெட்டிகள் வேலை செய்கின்றன.

ஒரு நாள் பெட்டி மெதுவாகும். ஒரு ஃபைல் திறக்க மறுக்கும். "ஸ்கேன்டிஸ்க் ஒண்டு போட்டுப் பாருங்கோ" என்று யாராவது சொல்வார்கள். விண்டோஸ் 98ஓடு வரும், டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் மென்பொருள் அது. நல்ல ஆலோசனைதான். ஆனால் அதைப் போடுவதற்கு முன் செய்ய வேண்டியவைதான் உங்கள் ஃபைல்களைக் காப்பாற்றும். ஆகவே இந்த வழிகாட்டியில் அவற்றுக்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

இந்த மென்பொருட்கள் உண்மையில் எதைத் திருத்துகின்றன

விண்டோஸ் 98 ஒவ்வொரு ஃபைலையும் க்ளஸ்டர் எனப்படும் துண்டுகளாக டிஸ்க்கில் எழுதுகிறது. எந்தத் துண்டுக்குப் பிறகு எந்தத் துண்டு என்ற விபரம் ஃபேட் என்ற அட்டவணையில் இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், துண்டு டிஸ்க்கில் இருக்கும், அது யாருடையது என்ற பதிவு இருக்காது. சில வேளை ஒரே துண்டை இரண்டு ஃபைல்கள் தம்முடையது என்று காட்டும். ஸ்கேன்டிஸ்க் இந்த அட்டவணையை நேர்ப்படுத்துகிறது. அதற்காக உங்கள் ஃபைலின் ஒரு பகுதியை வெட்டிவிடவும் அது தயங்காது. கணக்குப் புத்தகத்தில் கூட்டலைத் திருத்தியதால் களஞ்சியத்தில் காணாமல் போன மூட்டை திரும்பி வராது, இதுவும் அப்படித்தான்.

எக்ஸ்பியில் பெரும்பாலும் இருப்பது என்டிஎஃப்எஸ் என்ற வேறு அமைப்பு. அது தன் அட்டவணையில் செய்யும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைப்பதால், கரண்ட் போனாலும் அட்டவணை பெரும்பாலும் தப்பிவிடும். நீங்கள் அந்த நேரம் சேமித்துக்கொண்டிருந்த ஃபைலின் உள்ளடக்கத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஆகவே, பிரதி எடுக்காமல் திருத்தும் மென்பொருளைத் தொடவே கூடாது. இந்த வரியை மட்டும் வாசித்துவிட்டுப் போனாலும் எனக்குச் சந்தோஷம்.

முதலில் காது கொடுங்கள்

கணினியைப் போட்டதும் டிஸ்க்கிலிருந்து ஒரே சீராக "டிக், டிக்" என்று தட்டும் சத்தம் வந்தால், அல்லது சுழலத் தொடங்கி நின்று மறுபடி தொடங்கினால், உடனே நிறுத்துங்கள். அது இயந்திரக் கோளாறு. எந்த மென்பொருளும் அதைச் சரிசெய்யாது. ஓடும் ஒவ்வொரு நிமிடமும் நிலைமை மோசமாகும். உள்ளே இருப்பது பெறுமதியானதென்றால் தரவு மீட்பவரிடம் கொடுப்பதுதான் வழி. கொடுக்கும்போது "டிஸ்க்கைத் திருத்தித் தாங்கோ" என்று கேட்க வேண்டாம். "ஃபைலை எடுத்துத் தாங்கோ" என்று கேளுங்கள். நல்ல தொழில்காரர், "அண்ணை, முதல் கொப்பி எடுத்திட்டுத்தான் மற்ற வேலை பார்ப்பன்" என்று அவராகவே சொல்வார்.

சத்தம் இல்லையென்றால் அடுத்ததற்குப் போகலாம். லான் வயரைக் கழற்றிவிடுங்கள். 2017 மேயில் உலகம் முழுக்கப் பரவிய வானாக்ரை போன்ற தீங்கு மென்பொருட்கள் அப்டேட் போடாத விண்டோஸ்களில் இருக்கும் ஓட்டைகளைத்தான் தேடி வருகின்றன. தேவையான மென்பொருளை வேறொரு கணினியில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவரலாம். எக்ஸ்பியில் இருக்கும் பழைய உலாவியில் இன்றைய தளங்களில் பல எப்படியும் திறக்காது.

பிரதி எடுப்பது

எக்ஸ்பி என்றால் யூஎஸ்பி வெளி டிஸ்க் ஒன்றைச் செருகி, முக்கிய ஃபோல்டர்களை அப்படியே இழுத்துப் போடலாம். விண்டோஸ் 98 பென்டிரைவைத் தானாக அடையாளம் காணாது, தனி டிரைவர் வேண்டும். அந்த டிரைவரைத் தேடி நோயுற்ற டிஸ்க்கிலேயே நிறுவுவதை விட, டிஸ்க்கைக் கழற்றிப் புதிய கணினியில் மாட்டுவதே பாதுகாப்பு. அதற்கு வேண்டியது ஐடிஇ என்ற பழைய வகை இணைப்புள்ள டிஸ்க்கை யூஎஸ்பியில் மாட்டும் அடாப்டர். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ கேட்டுப் பாருங்கள். மேசைக் கணினியின் மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு யூஎஸ்பியில் வரும் மின்சாரம் போதாது. தனியான பவர் வயரும் சேர்ந்து வரும் அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். டிஸ்க்கின் பின்பக்கம் இருக்கும் சிறிய ஜம்பர் மாஸ்டர் நிலையில் இருக்க வேண்டும். எந்த இடம் மாஸ்டர் என்பது டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் படமாகவே இருக்கும்.

மாட்டியதும் புதிய விண்டோஸ் இரண்டில் ஒன்றைக் கேட்கக்கூடும்: "இந்த டிரைவில் பிழை இருக்கிறது, திருத்தவா?" அல்லது "ஃபோர்மட் செய்யவா?" இரண்டுக்கும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஆம் என்று சொல்வதில்தான் வாடிக்கையாகச் சேதம் நடக்கிறது.

என்னென்ன எடுக்க வேண்டும்? ஃபைல்கள் மட்டும் போதாது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபொன்ட்ஸ் ஃபோல்டர் முழுவதையும் எடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. எழுத்துரு இல்லாமல் ஃபைலைத் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பைதான் தெரியும். பாமினி என்ற பெயரில் சிறு வேறுபாடுகளோடு பல எழுத்துருக்கள் புழக்கத்தில் இருப்பதால், "இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் பெட்டியில் இருப்பதுதான் உங்கள் ஃபைலுக்குப் பொருந்தும். கணக்கு மென்பொருள் என்றால் ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளும், நேரே சி டிரைவின் வாசலிலும் அதன் ஃபோல்டரைத் தேடுங்கள். பழைய மென்பொருட்கள் தரவை மை டொக்யுமென்ட்ஸில் வைப்பதில்லை.

பிரதி எடுக்கும்போதே டிஸ்க் இடையிடையே உறைந்து நின்றால், இழுத்துப் போடும் முறையை நிறுத்துங்கள். லினக்ஸில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அது நல்ல பகுதிகளை முதலில் முழுவதும் எடுத்துவிட்டு, பழுதான இடங்களுக்குப் பிறகுதான் திரும்பி வரும். எங்கே நின்றோம் என்பதை ஒரு மேப் ஃபைலில் எழுதி வைப்பதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நம்மூருக்கு இது பெரிய வசதி. கட்டளையில் எது மூலம், எது சேருமிடம் என்பதை மாற்றி எழுதினால் வெறும் டிஸ்க் உங்கள் ஃபைல்கள் இருக்கும் டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டுவிடும். என்டர் அடிக்க முன் இன்னொருவரையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

டிஸ்க்கிடமே கேட்பது

ஹார்ட் டிஸ்க்குகள் தம் உடல்நிலையைத் தாமே பதிவுசெய்கின்றன. இதற்கு ஸ்மார்ட் என்று பெயர். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதைப் பார்க்கலாம். டிஸ்க்கைப் புதிய கணினியில் மாட்டியிருக்கும்போதே பார்த்துவிடுங்கள், ஆனால் சில மலிவு அடாப்டர்கள் இந்த விபரத்தைக் கடத்துவதில்லை. பட்டியல் நீளமாக இருக்கும், நான்கு வரிகள் போதும்.

05 என்ற வரி, பழுதாகி ஒதுக்கப்பட்ட செக்டர்களின், அதாவது டிஸ்க் பரப்பின் சிறு பகுதிகளின் எண்ணிக்கை. சி5 என்பது வாசிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. சி6 திருத்தவே முடியாதவை. இந்த மூன்றும் பூச்சியமாக இருக்க வேண்டும். எண்கள் பதினறும முறையில் தெரியலாம். எல்லாம் பூச்சியமா என்று மட்டும் பார்த்தால் போதும். சி5 கூடிக்கொண்டே போகும் டிஸ்க்கில் ஸ்கேன்டிஸ்க்கும் வேண்டாம், சிதறிய ஃபைல் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக்கும் வேண்டாம். பிரதியை எடுத்துவிட்டு மாற்றுங்கள். நான்காவது சி7. அது கூடினால் டிஸ்க்கை விட வயரைச் சந்தேகிப்பதே சரி. காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இருக்கும் கடைகளில், உப்புக்காற்றில் கருத்துப்போன இணைப்பு முனைகள் சாதாரணம்.

ரேமையும் மறக்க வேண்டாம். ரேம் பழுதான கணினியில் நல்ல டிஸ்க்கும் பிழையுள்ளதாகவே தெரியும். அந்த நிலையில் "திருத்து" என்று சொன்னால், சரியான அட்டவணையின் மேல் தவறானது எழுதப்படும். மெம்டெஸ்ட்86+ என்ற மென்பொருளைச் சீடியில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடக்கி, ஒரு இரவு ஓடவிடுங்கள். ஒரு சிவப்பு வரி தெரிந்தாலும், ரேமை மாற்றிய பிறகுதான் டிஸ்க் பக்கம் போக வேண்டும்.

கரண்ட்

ஸ்கேன்டிஸ்க்கும் டிஃப்ராக்கும் ஓடும்போது மின்சாரம் போவதுதான் மிக மோசமான விபத்து. 2022இல் பதின்மூன்று மணிநேர மின்வெட்டைப் பார்த்த ஊர் இது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் இருண்டது. யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். இருக்கும் யூபிஎஸ்ஸின் பற்றரி உயிரோடிருக்கிறதா என்பதை ஒரு மேசை விளக்கை மாட்டிச் சுவிட்சை அணைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரங்களில் இடி மழை வரும். அந்த மாதங்களில் காலையில் தொடங்குவது நல்லது.

விண்டோஸ் 98இல் ஸ்கேன்டிஸ்க்

கணினி தொடங்கும்போது எஃப் 8ஐ அழுத்தி, வரும் பட்டியலில் சேஃப் மோட் என்பதைத் தெரிவுசெய்யுங்கள். சாதாரண நிலையில் பின்னணியில் ஓடும் மென்பொருட்கள் டிஸ்க்கில் எழுதிக்கொண்டே இருப்பதால், ஸ்கேன்டிஸ்க் திரும்பத் திரும்ப ஆரம்பத்திலிருந்து தொடங்கும். ஸ்டார்ட், ப்ரோகிராம்ஸ், அக்சஸரீஸ், சிஸ்டம் டூல்ஸ், அங்கே ஸ்கேன்டிஸ்க்.

சி டிரைவைத் தெரிவுசெய்து ஸ்டாண்டர்ட் என்று வையுங்கள். "பிழைகளைத் தானாகத் திருத்து" என்ற கட்டத்தில் சரி அடையாளம் இருந்தால் எடுத்துவிடுங்கள். அப்போதுதான் ஒவ்வொரு பிழைக்கும் அது உங்களிடம் கேட்கும். அட்வான்ஸ்ட் பொத்தானுக்குள் இரண்டு இடங்கள் முக்கியம். சொந்தக்காரன் இல்லாத துண்டுகளை அழிப்பதா, ஃபைலாக மாற்றுவதா என்பது ஒன்று. மாற்று என்று வையுங்கள். ஒரே துண்டுக்கு இரண்டு ஃபைல்கள் சண்டை பிடித்தால் என்ன செய்வது என்பது மற்றது; பிரதி எடு என்பதில் இருக்கட்டும். அப்படிச் செய்தால் இரண்டு ஃபைல்களுக்கும் தனித்தனிப் பிரதி கிடைக்கும். அவற்றில் ஒன்றாவது பெரும்பாலும் சிதைந்திருக்கும், எது நல்லது என்பதைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

மீட்ட துண்டுகள் சி டிரைவின் வாசலில் ஃபைல்0000, ஃபைல்0001 என்ற பெயர்களில், சிஎச்கே என்ற வால் ஒட்டி வந்து நிற்கும். அழித்துவிடாமல் நோட்பேடில் திறந்து பாருங்கள். பழைய கணக்கு மென்பொருட்கள் வெறும் எழுத்தாகவே சேமித்திருந்தால் வாடிக்கையாளர் பெயர்கள் அப்படியே தெரியும். என்ன திருத்தியது என்ற முழு விபரமும் அதே இடத்தில் ஸ்கேன்டிஸ்க் லொக் ஃபைலாக இருக்கும். அதைப் பென்சிலால் குறித்து வைக்கத் தேவையில்லை, அச்செடுத்துப் பெட்டியின் மேல் ஒட்டிவிடலாம்.

ஸ்டாண்டர்ட் சுத்தமாக முடிந்த பிறகு மட்டும் தொரோ சோதனை. டிஸ்க்கின் பரப்பு முழுவதையும் வாசிப்பதால் மணிக்கணக்கில் எடுக்கும்.

எக்ஸ்பியில்

மை கம்ப்யூட்டரில் சி டிரைவின் மேல் வலது கிளிக், ப்ராப்பர்டீஸ், டூல்ஸ், செக் நவ். இரண்டு கட்டங்கள் வரும். முதல் தடவை இரண்டையும் வெறுமையாக விட்டு ஸ்டார்ட் கொடுங்கள். வாசித்துப் பார்க்கும், எதையும் மாற்றாது. பிழை இருந்தால் மேல் கட்டத்தில் மட்டும் சரி அடையாளமிட்டு மறுபடி. விண்டோஸ் ஓடும் டிரைவை அந்த நேரம் பூட்ட முடியாததால், அடுத்த தொடக்கத்தில் செய்யவா என்று கேட்கும். ஆம் என்று சொல்லி ரீஸ்டார்ட் செய்யுங்கள். நீலத் திரையில் மூன்று படிகளாக ஓடும். கீழ்க் கட்டத்தையும் தெரிவுசெய்தால் பரப்புச் சோதனையும் சேர்ந்து ஐந்து படிகள். இடையில் ஒரே சதவீதத்தில் நெடுநேரம் நிற்பது வழமை, பொறுமையிழந்து பொத்தானை அழுத்தக் கூடாது.

முடிந்ததும் திரை மறைந்து விண்டோஸ் வந்துவிடும், என்ன நடந்தது என்று தெரியாது. கன்ட்ரோல் பேனல், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டூல்ஸ், ஈவென்ட் வியூவர், அதில் அப்ளிகேஷன். சோர்ஸ் என்ற நிரலில் வின்லோகன் என்று இருக்கும் புதிய வரியைத் திறந்தால் முழு அறிக்கையும் இருக்கும். அதில் பழுதான செக்டர்கள் எத்தனை கேபி என்ற வரியைத் தேடுங்கள். பூச்சியம் என்றால் நிம்மதி.

மெதுவாக ஓடினால் டிஃப்ராக் போட முன் இதைப் பாருங்கள்

"டிஸ்க் மெதுவாகிவிட்டது" என்று வரும் எக்ஸ்பி பெட்டிகளில் இதைப் பலர் பார்ப்பதே இல்லை. டிஸ்க்கோடு பேசும்போது மொத்தம் ஆறு தடவை பிழை ஏற்பட்டால், எக்ஸ்பி வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் பிஐஓ என்ற மிகப் பழைய முறைக்கு இறக்கிவிடும். திரும்பத் தானாக ஏற்றாது. கரண்ட் ஏற்ற இறக்கத்தில் என்றோ நடந்த ஆறு சிறு பிழைகளுக்காக வருடக்கணக்கில் பெட்டி நடைப்பிணமாக ஓடும்.

டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ஐடிஇ கன்ட்ரோலர்கள் என்ற பகுதியில் பிரைமரி ஐடிஇ சேனலின் ப்ராப்பர்டீஸுக்குள் அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ் பாருங்கள். தற்போதைய முறை அல்ட்ரா டிஎம்ஏ என்று இருந்தால் பரவாயில்லை. பிஐஓ என்று இருந்தால், முதலில் கணினியை நிறுத்தி ஐடிஇ வயரை மாற்றுங்கள். எண்பது இழை கொண்ட வயராக இருக்க வேண்டும். நீல முனை போர்டுக்கு, கறுப்பு முனை மாஸ்டர் டிஸ்க்குக்கு. பிறகு அந்தச் சேனலை டிவைஸ் மேனேஜரில் அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்து வேகமான முறையில் அமைக்கும். சில நாட்களில் மறுபடி பிஐஓவுக்கு விழுந்தால் டிஸ்க்தான் காரணம்.

டிஃப்ராக்கைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ஸ்மார்ட் சுத்தமாக இருந்து, பிரதி கையில் இருந்தால் மட்டும் போடுங்கள். எக்ஸ்பியில் டிரைவில் 15 சதவீதம் வெறுமையாக இருக்க வேண்டும். 98இல் சேஃப் மோடில், ஸ்கிரீன் சேவரை நிறுத்திய பிறகு. எஸ்எஸ்டி அல்லது மெமரி கார்ட் பொருத்திய பெட்டியில் தேவையே இல்லை.

அலுமாரியில் கிடக்கும் பழைய சீடிகள்

நோர்ட்டன் யூட்டிலிட்டீஸ் போன்ற டிஸ்க் திருத்தும் தொகுப்புகள் தம் காலத்தில் நல்ல மென்பொருட்கள். ஆனால் ஒவ்வொன்றும் தன் காலத்து டிஸ்க்கை மட்டுமே அறியும். விண்டோஸ் 95க்கு முந்தைய டொஸ் பதிப்புகளுக்கு நீண்ட ஃபைல் பெயர் தெரியாது. அவற்றைப் பின்வந்த டிஸ்க்கில் ஓட்டினால் எட்டெழுத்துக்கு மேற்பட்ட பெயர்களைப் பிழையென்று கருதி அழித்துவிடும். 98க்கான ஸ்கேன்டிஸ்க்குக்கு என்டிஎஃப்எஸ் தெரியாது. 98இன் பூட் ஃப்ளொப்பியில் எக்ஸ்பி பெட்டியைத் தொடக்கினால் சி டிரைவையே காணாது. டிஸ்க் வெறுமையாகிவிட்டது என்று பயந்து, டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் எஃப்டிஸ்க்கில் பார்ட்டிஷனை (அந்தப் பகுதியை) அழித்துவிடாதீர்கள். 98க்கும், சேர்விஸ் பேக் போடாத முதல் எக்ஸ்பிக்கும் 137 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க் சரிவராது. எல்லையைத் தாண்டி எழுதும்போது முன்னால் இருப்பதை அழிக்கும்.

சீடி ஓட மறுத்தால் கம்பாட்டிபிலிட்டி மோடில் போட்டுப் பார்க்கத் தோன்றும். விளையாட்டுக்கு அது சரி. பிரதி எடுக்கும், வைரஸ் பார்க்கும், சிஸ்டத்தில் கைவைக்கும் பழைய மென்பொருட்களுக்கு அதைப் பாவிக்க வேண்டாம் என்று எக்ஸ்பியின் அந்தத் திரையிலேயே எழுதியிருக்கிறது. சீடி சரியான காலத்ததா என்று சந்தேகமாக இருந்தால், விண்டோஸோடு வந்த சோதனை மென்பொருளே போதும்.

திருத்திய பிறகு

சோதனையை இன்னொரு முறை ஓட்டுங்கள். இரண்டாம் தடவையும் புதிய பிழைகள் வந்தால் அந்த டிஸ்க்கை நம்ப வேண்டாம். ஐந்தாறு முக்கிய ஃபைல்களை அந்தந்த மென்பொருளிலேயே திறந்து கடைசிப் பக்கம் வரை பாருங்கள். திகதி பழைய வருடத்துக்கு ஓடியிருந்தால் போர்டில் இருக்கும் சிஆர்2032 பற்றரியை மாற்றுங்கள்; கணக்கு மென்பொருளில் தவறான திகதி டிஸ்க் பிழையை விடத் தலையிடி.

மாற்று டிஸ்க்காக ஐடிஇயில் இன்று கிடைப்பவை பெரும்பாலும் பாவித்தவை. வாங்க முன் கடையிலேயே ஸ்மார்ட் காட்டச் சொல்லுங்கள். எக்ஸ்பி பெட்டியென்றால் முழு டிஸ்க்கின் பிரதியைப் புதிய கணினியில், ஒரு கணினிக்குள் இன்னொன்றை ஓட்டும் வெர்ச்சுவல்பொக்ஸுக்குள் ஓட்டிப் பார்க்கலாம், அச்சகத்துக்கு இது நல்ல வழி. பின்பக்கப் பிரின்டர் போர்ட்டில் டொங்கிள் என்ற சாவிக் கருவியைச் செருகினால்தான் திறக்கும் கணக்கு மென்பொருளை அப்படிக் கொண்டுபோவது சிரமம். அதற்குப் பழைய பெட்டியையே வைத்திருந்து, பிரதியை இன்னொரு டிஸ்க்கில் ஏற்றி, அது தொடங்குகிறதா என்று ஒரு தடவை மாட்டிப் பார்த்துவிட்டுத் தனியாக எடுத்து வையுங்கள்.